பழைய எஸ்2 பிளஸ், புதிய எஸ்2 பிளஸ்: என் டார்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் இரவு ஷிஃப்ட் சர்வேயர் வேலை எனக்கு. வீடு தண்டையார்பேட்டை. இடுப்பில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். கையில் இருப்பது ஒரே மாடலில் இரண்டு: 2016-ல் வாங்கிய கான்வாய் எஸ்2 பிளஸ், 2024-ல் வந்து சேர்ந்த இன்னொரு எஸ்2 பிளஸ். யார்டில், தெருவில், காசிமேட்டில் என்று எங்கே எடுத்தாலும் யாராவது வாங்கிப் பார்ப்பார்கள், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பார்கள். வாயால் சொல்லி அலுத்து, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பி அதுவும் அலுத்துப்போய் இங்கே எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன், திருத்தவில்லை.

இன்னாபா, டார்ச்சுன்னா டார்ச்சு. இதுல பழசு இன்னா, புதுசு இன்னா?

எஸ்2 பிளஸ் என்பது சீனாவில் செய்கிற ஒரு சின்ன அலுமினிய டார்ச். சுமார் 12 செ.மீ. நீளம், தலைப்பக்கம் 24 மி.மீ. விட்டம், பின்னால் ஒரே ஒரு பட்டன், உள்ளே ஒரே ஒரு 18650 லித்தியம் செல். அவ்வளவுதான். பூதக்கண்ணாடி மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிற ஜூம் எல்லாம் கிடையாது. டார்ச் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது என்றால், மொத்தத்தையும் கழற்றலாம், எந்தப் பாகம் போனாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வெளிக்கூடு இத்தனை வருடமாகக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, மாறியதெல்லாம் உள்ளே. என் பழையதில் இருப்பது கிரீ கம்பெனியின் எக்ஸ்எம்-எல்2 எல்இடி, புதியதில் நிச்சியா கம்பெனியின் 519ஏ. அந்த எல்இடிக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற சின்ன வட்டப் பலகைக்கு டிரைவர் என்று பெயர், அதுவும் வேறு. ஒன்றை மனதில் வையுங்கள். ‘புதிய எஸ்2 பிளஸ்’ என்பது ஒரே பொருள் இல்லை, வாங்கும்போது எந்த எல்இடி என்று தேர்ந்தெடுக்க வேண்டும், லூமினஸ் எஸ்எஸ்டி-40 போட்டதும் உண்டு. கீழே நான் புதியது என்று சொல்வதெல்லாம் 519ஏ போட்டதைத்தான்.

ரெண்டும் கறுப்பு, ரெண்டும் ஒரே சைஸ். நீ எப்டி கண்டுபிடிக்கற?

அணைத்துவிட்டு (அணைத்துவிட்டு!) கண்ணாடி வழியே உள்ளே பாருங்கள். எக்ஸ்எம்-எல்2 பக்கத்துக்கு 5 மி.மீ. உள்ள சதுரம், 519ஏ 3.5 மி.மீ. சதுரம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

எரியவிட்டால் இன்னும் சுலபம். வெள்ளைச் சுவரில் அடித்தால் பழையது நீலம் கலந்த வெள்ளை, நடுவட்டத்தைச் சுற்றி லேசாக மஞ்சள் பச்சையாக ஒரு வளையம். புதியது ஓரம் வரை ஒரே நிறம், காலை வெயில் மாதிரி. என் பழையதில் கழுத்துப் பக்கம் கறுப்புச் சாயம் தேய்ந்து அலுமினியம் பல்லிளிக்கிறது, அதனால் எனக்கு இதெல்லாம் தேவைப்படுவதில்லை.

எத்தினி லூமன்? ஜாஸ்தி இருந்தா நல்லதுதான?

டார்ச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சத்தின் அளவுதான் லூமன். பழையதில் 7135 என்ற சின்னச் சிப்புகள் எட்டு, ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியர் விடும், மொத்தம் 2.8 ஆம்பியர். அந்தக் கரண்டில் எக்ஸ்எம்-எல்2 ஆயிரம் லூமன் பக்கத்தில் கொடுக்கும், எல்இடியைச் சுற்றி இருக்கிற பளபளப்பான கிண்ணமும் முன்கண்ணாடியும் கொஞ்சம் தின்றது போக மீதி வெளியே வரும். புதியது அதைவிடப் பெரிதாக அதிகமில்லை. கேட்டவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள், எட்டு வருடம் கழித்து வந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டாமா என்று.

நம் கண் கணக்குப் போடுகிற விதம் வேறு. வெளிச்சம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று தெரியும். இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற வேண்டுமென்றால் லூமன் சுமார் நான்கு மடங்கு வேண்டும். ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருநூறுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் உங்களுக்கு நான் டீ வாங்கித் தருகிறேன், ஒன்றை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து மற்றதைப் போட்டுக் காட்டுவேன், சொல்லுங்கள் பார்க்கலாம். இதுவரை யாருக்கும் டீ வாங்கித் தரவில்லை.

பெட்டி மேல் போட்டிருக்கிற எண்ணுக்கு எஃப்எல்1 என்று ஓர் அளவுமுறை இருக்கிறது. அதன்படி, போட்டு 30 நொடி ஆன பிறகுதான் வெளிச்சத்தை அளக்க வேண்டும், போட்ட கணத்தில் அல்ல. இந்த முறை எதையும் பின்பற்றாமல் நடைபாதையில் ‘ஒரு லட்சம் லூமன்’ என்று அச்சடித்து விற்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அப்போ எது தூரமா அடிக்கும்?

தூரத்துக்கு லூமன் பார்க்கக் கூடாது, கேண்டெலா பார்க்க வேண்டும். ஒரே திசையில் எவ்வளவு கூர்மையாகப் போகிறது என்பதுதான் கேண்டெலா. ஒரு பரப்பின் மேல் விழுகிற வெளிச்சத்தின் அளவு லக்ஸ். எஃப்எல்1 கணக்கில் வெளிச்சம் 0.25 லக்ஸ் வரை தேயும் இடம்தான் ‘தூரம்’. அது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும்: 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 400 மீட்டர் வேண்டுமென்றால் 40,000. அந்தத் தூரத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும், அது ஆளா மாடா என்று தெரியாது. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்2 பிளஸ்ஸில் இரண்டுக்கும் அதே சின்னக் கிண்ணம், அதனால் தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. கடலில் எதிர்ப் போட்டைத் தேட வேண்டுமென்றால் இரண்டுமே சரிவராது, பெரிய தலை உள்ள வேறு டார்ச் வாங்குங்கள்.

கலரு கலருன்னு சொல்லிக்கினே இருக்கியே, வெளிச்சத்துல இன்னா கலரு?

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். பழையதையும் புதியதையும் பிரிக்கிற விஷயம் என் கணக்கில் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

சிஆர்ஐ என்று ஓர் அளவு இருக்கிறது. ஒரு விளக்கின் வெளிச்சத்தில் பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதற்கு நூற்றுக்கு மதிப்பெண். வெயிலும் பழைய குண்டு பல்பும் கிட்டத்தட்ட 100. குளிர்வெள்ளை (நீலம் கலந்த வெள்ளை) எக்ஸ்எம்-எல்2 எழுபதை ஒட்டி வரும், 519ஏ தொண்ணூறுக்கு மேல். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான், மேலே பூசிய பாஸ்பர் அதில் ஒரு பங்கை மஞ்சளாக்கி வெள்ளை போலக் காட்டுகிறது. பழைய ரகங்களில் சிவப்புப் பக்கம் வறண்டிருக்கும். இதில் ஒரு தந்திரம், சிஆர்ஐ மதிப்பெண் போடுகிற எட்டு நிறங்களில் அடர்சிவப்பு கிடையாது, அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். அதனால் மதிப்பெண் சுமாராகத் தெரியும் டார்ச்சும் சிவப்பில் படுமோசமாக இருக்கலாம்.

காசிமேட்டில் விடியுமுன்னே ஏலம் நடக்கும்போது போய் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, வெளுத்தோ பழுப்பாகவோ இருந்தால் ஐஸில் கிடந்தது. என் பழைய டார்ச்சை அடித்தால் எல்லாச் செவுளும் ஒரே மாதிரி மங்கலாக, நோஞ்சானாகத் தெரியும். நல்ல வஞ்சிரத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறேன், வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை. புதியதை அடித்தால் புதுசு புதுசாகவும் பழசு பழசாகவும் தெரிகிறது. மீன்கார அக்கா ஒருவர் ‘அந்த லைட்டை அணைப்பா’ என்றார், வேறென்ன சான்று வேண்டும்.

யார்டிலும் இதே கதைதான். காலி கண்டெய்னர் திரும்பி வரும்போது தரைப் பலகையில் கறை இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். எண்ணெய்க் கறையா, தண்ணீர்க் கறையா, துருவா என்பதைப் பொறுத்துக் கழுவுகிற செலவு யார் தலையில் என்பது மாறும். பழைய டார்ச்சில் மூன்றும் ஒரே கறுப்பு. அப்புறம் வீட்டில் ஃபியூஸ் பெட்டி: சிவப்பு வயருக்கும் பழைய பிரவுன் வயருக்கும் வித்தியாசம் தெரியாமல் கைவைப்பது நல்லதில்லை.

மஞ்சளா கீதே, பவர் கம்மியா?

இல்லை. அது கெல்வின் கணக்கு, வெள்ளை வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதைச் சொல்கிற எண். சிறிய எண் என்றால் மஞ்சள் பக்கம், பெரிய எண் என்றால் நீலப் பக்கம். என் பழையது 6500 பக்கம், புதியது 4500. நீலம் கலந்தது கண்ணுக்குப் ‘பளிச்’ என்று தோன்றும், அதனால் பவர் அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். பத்து நிமிடம் புதியதில் வேலை பார்த்துவிட்டுப் பழையதைப் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிறம் உண்மையாகத் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் லூமனை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், அதே கரண்டில் குளிர்வெள்ளை எல்இடிதான் அதிக லூமன் தரும். புதியது எட்டு வருடம் கழித்தும் ஏன் பெரிதாக முன்னேறவில்லை என்று மேலே முகம் சுளித்தவர்களுக்கு இதுவும் பதில்.

மஞ்சள் லைட்டுனா பனியிலயும் புகையிலயும் நல்லா தெரியும்னு சொல்றாங்களே?

பனித்துளி பெரிசு, எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். போகி விடியற்காலையில் எங்கள் தெருவில் இரண்டையும் அடித்துப் பார்த்தேன், இரண்டுமே கண்ணெதிரே வெள்ளைத் திரை போட்டன. குறைந்த வெளிச்சத்தில் வைத்து, டார்ச்சை இடுப்பளவுக்கு இறக்கிப் பிடியுங்கள். அதுதான் வேலை செய்கிறது.

இதுக்கு ரெண்டு எவரெடி செல்லு போட்டா எரியாதா?

எரியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி பேட்டரி கம்பெனி இருந்த ஊர் நம்முடையது, அதனால் டார்ச் என்றாலே இரண்டு பெரிய சிவப்புச் செல்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். அது ஒன்று 1.5 வோல்ட். எஸ்2 பிளஸ்ஸுக்கு வேண்டியது 18650: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். பழையதற்கும் புதியதற்கும் அதே செல், மாற்றி மாற்றிப் போடலாம்.

9900 எம்ஏஎச் போட்ட செல்லு நூறு ரூபாய்க்குக் கெடச்சுது அண்ணா, வாங்கிட்டேன்.

தம்பி, அது பொய். ஒரு செல் எவ்வளவு சார்ஜ் பிடித்துவைக்கும் என்பதன் அளவுதான் எம்ஏஎச். நல்ல கம்பெனிகளின் 18650 செல்களில் இன்று சாதாரணமாகக் கிடைப்பது 2500-லிருந்து 3500 வரைதான், அதைத் தாண்டிக் கொஞ்சம் போகிறவை இப்போதுதான் வருகின்றன. அந்த உடம்புக்குள் 9900 நுழையாது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், போலி பல சமயம் அதைவிட இலேசாக இருக்கும். பழைய லேப்டாப்பிலிருந்து உரித்து மேலே புதுத் தோல் சுற்றியதாகவும் இருக்கலாம்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். ஒரு கடையில் வாங்கிய செல் முழுச் சார்ஜில் இருபது நிமிடம்கூட வரவில்லை, திருப்பிக் கொடுக்கப் போனபோது ‘டார்ச்சுதான் சார் கோளாறு’ என்றார். எல்ஜி, சாம்சங், பானசோனிக் மாதிரி பெயர் உள்ள செல்லை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். தோல் கிழிந்த செல்லைப் போடாதீர்கள், சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் வைக்காதீர்கள், தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

சார்ஜ் ஓட்டை எங்கபா? போன் சார்ஜர் சொருகலாமா?

இரண்டிலுமே ஓட்டை கிடையாது. செல்லை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போட வேண்டும். டைப்-சி வைத்த டார்ச்சுகள் இப்போது எக்கச்சக்கம், அவற்றை விட்டு இதை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்று கேட்டால், கடற்கரைக் காற்றில் ஒரு ஓட்டை குறைவு என்பது எனக்கு லாபம். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்துபோகிறது, ரப்பர் மூடி போட்ட சார்ஜிங் ஓட்டை எத்தனை நாள் தாங்கும். இது என் கருத்து. கோடம்பாக்கத்துக்காரர் வேறு மாதிரி சொல்லலாம்.

கரண்ட்டு போனா ராத்திரி பூரா வருமா?

கணக்கு எளிது. 3000 எம்ஏஎச் செல், முழு வெளிச்சத்தில் 2.8 ஆம்பியர் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கால்பங்குக் கரண்டில் வைத்தால் நான்கு மணி நேரம். இருபதில் ஒரு பங்கில் வைத்தால் இருபது மணி நேரம். கால்பங்கு என்பது வீட்டுக்குள் தாராளம், மேலே சொன்ன கண் கணக்கை நினைத்துப் பாருங்கள். வெளிச்சத்தைக் கால்வாசியாக்கினால் கண்ணுக்குப் பாதிதான் குறைந்திருக்கும்.

வர்தா புயல் 2016 டிசம்பர் 12-ல் அடித்தபோது எங்கள் பக்கம் கரண்ட் வர நாளாயிற்று. டார்ச்சை ஒரு டம்ளருக்குள் நிமிர்த்தி வைத்துக் கூரையைப் பார்த்து அடிக்கவிட்டோம், வெள்ளையடித்த கூரை என்றால் அறை முழுக்க நிலா மாதிரி வெளிச்சம் பரவும், யார் கண்ணும் கூசாது. சோறு சாப்பிட்டது, சீட்டு ஆடியது எல்லாம் அதில்தான். பட்டன் உண்மையான ஸ்விட்ச் என்பதால், அணைத்துவிட்டால் கரண்ட் துளியும் போகாது. சார்ஜ் செய்து அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் எரியும். மிக்ஜாம் புயலின்போது 2023-ல் அப்படித்தான் எடுத்தேன்.

கை சுடுதே, வெடிச்சிரப் போவுது!

டார்ச் உடம்பு சுடுகிறதென்றால் சூடு உள்ளே தங்காமல் வெளியே வருகிறது என்று பொருள், பயப்பட வேண்டாம். பழையதின் சிப்புகள் செய்வது மிகவும் எளிய வேலை. செல் 4.2 வோல்ட் கொடுக்கும், எல்இடிக்கு 3.3 வோல்ட் போதும், மிச்சம் 0.9 வோல்ட்டை அப்படியே சூடாக்கிக் கழித்துவிடும். 2.8 ஆம்பியரால் பெருக்கினால் இரண்டரை வாட் சும்மா அடுப்பெரிகிறது. எல்இடி தின்னும் ஒன்பது வாட்டிலும் பாதிக்கு மேல் சூடுதான். சின்ன உடம்பு, எங்கே போகும்.

வேலை செய்யும் டார்ச்சை நீங்கள் கையில் பிடித்திருப்பதே நல்லது, ரத்த ஓட்டம் சூட்டை இழுத்துக்கொள்ளும். எரியவிட்டுத் துணிமணி மேல் வைத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

புதுசு ரெண்டு நிமிஷத்துல மங்கிப் போவுது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, புத்தி. புதிய டிரைவரில் சூட்டைப் பார்க்கிற ஏற்பாடு உண்டு, 55 டிகிரியை ஒட்டிப் போனால் தானாகக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். என் பழையதில் அந்த ஏற்பாடு கிடையாது, பாவம், தீயிலும் நிற்கும். மே மாதம் ராத்திரியிலும் யார்டில் கண்டெய்னர் தகரம் அனல் கக்கும்போது புதியது சீக்கிரமே இறங்கிவிடுகிறது, மார்கழியில் அதே வெளிச்சத்தில் நெடுநேரம் நிற்கிறது.

பழையதும் மங்கும், வேறு காரணத்துக்காக. செல்லின் வோல்டேஜ் எல்இடி கேட்கும் அளவுக்கு அருகே இறங்கியதும் சிப்புகளுக்குக் கழிக்க மிச்சம் இருக்காது, அதன்பின் வெளிச்சம் மெதுவாகத் தேயும். அப்போது செய்ய வேண்டியது சார்ஜ் போடுவது. புதியது மங்கினால் முதலில் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் சூடு, சுடவில்லையென்றால் செல்.

நாய் தொரத்தும்போது தட்டுனேன், டிஸ்கோ லைட்டு மாரி அடிக்குது. இன்னா இது?

அது ஸ்ட்ரோப். பட்டனை முழுதாக அழுத்தினால் எரியும், எரியும்போது பாதி அழுத்தினால் அடுத்த அளவுக்குப் போகும். எந்தெந்த வெளிச்சம் எந்த வரிசையில் வரும் என்பதுதான் தொகுப்பு. பழையதில் ஐந்து வகைத் தொகுப்பில் வைத்திருந்தால் மூன்று வெளிச்சத்துக்குப் பிறகு ஸ்ட்ரோப், எஸ்ஓஎஸ் (ஆபத்தில் உதவி கேட்கிற சைகை) என்று வரும். மூன்று வகைத் தொகுப்புக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இடைப்பட்ட காலத்தில் வந்தவற்றில் பிஸ்காட்டி என்ற மென்பொருள் இருக்கும், அதில் 12 தொகுப்புகள், வேகமாகப் பத்துப் பதினைந்து தடவை பாதி அழுத்தம் கொடுத்தால் அமைப்புக்குள் போய்த் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய டிரைவரிலும் 12 தொகுப்புகள். நான் எதிலுமே ஸ்ட்ரோப் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் தெரு நாய்கள் அதற்குப் பயப்படுவதில்லை, இன்னும் கோபமாகின்றன.

மழத்தண்ணி புள்ளி புள்ளியா தெரியுது, கண்ணு கோளாறா?

கண் நன்றாக இருக்கிறது. பழையதில் குறைந்த வெளிச்சம் என்பது முழு வெளிச்சத்தையே நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டுப் போட்டு அணைப்பதுதான். கண்ணுக்கு அது சேர்ந்து மங்கலாகத் தெரிகிறது, ஆனால் வேகமாக விழுகிற மழைத்துளி எரிந்த நேரங்களில் மட்டும் தெரிவதால் கோடு புள்ளிக்கோடாகிவிடுகிறது. செல்போன் கேமராவில் காட்டினால் வரி ஓடும். தலைவலி வருகிறவர்கள் உண்டு, எனக்கு வருவதில்லை, மழையில் வேடிக்கை பார்ப்பேன். முழு வெளிச்சத்தில் இது இருக்காது.

போட்ல எடுத்துக்கினு போலாமா? உப்புத்தண்ணி பட்டா?

மழை தாங்கும், தவறித் தண்ணீரில் விழுந்தால் எடுத்துவிடலாம். உப்புதான் எமன். கடலுக்குப் போய்வந்தால் குழாய்த் தண்ணீரில் மூடியபடியே கழுவித் துடைத்துவிட்டு அப்புறம் திறக்க வேண்டும். திறந்த பிறகு கழுவினால் உப்பை நீங்களே உள்ளே விட்டதாகிவிடும், நான் ஒரு தடவை அதைச் செய்து பின் ஸ்பிரிங்கைப் பச்சை பிடிக்க விட்டிருக்கிறேன். மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி. வாசலின், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம், சில வகை ரப்பர் ஊதிவிடும்.

கைக்கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அலுமினியம் மிதக்காது.

பழசுக்குள்ள புது எல்இடி மாத்திட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்ல?

கிட்டத்தட்ட ஆகிவிடும், கைவேலை தெரிந்தால். எல்இடி 16 மி.மீ. வட்டத் தகட்டில் பற்றவைத்து வருகிறது, டிரைவர் 17 மி.மீ., இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம். தகடு செம்பாக இருக்க வேண்டும், எல்இடியின் அடிப்பாகம் நேராகச் செம்பில் உட்காருகிற ரகம். பழைய அலுமினியத் தகடுகளில் நடுவே ஒரு மின்தடுப்புப் படலம் இருக்கும், சூடு அதில் சிக்கிக்கொள்ளும். தகட்டுக்கு அடியில் தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்துகிற பசை) மெல்லியதாக, பூரிக்கு எண்ணெய் தொட்ட மாதிரி. வயர் கூட்டல் கழித்தல் மாறக் கூடாது.

எல்இடி மட்டும் மாற்றினால் நிறம் வந்துவிடும், ஆனால் சூட்டைப் பார்க்கிற புத்தி டிரைவரில் இருப்பது, அது வராது. நான் மாற்றவில்லை. ஏன் என்று கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

பர்மா பஜார்ல கெடைக்குமா? ஆன்லைன்ல?

பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-ல் வந்த பஜார் அது, ஒரு காலத்தில் வெளிநாட்டு டார்ச் என்றால் அங்கேதான். இப்போது போய்க் கேட்டால் ஜூம் டார்ச்சை நீட்டுகிறார்கள், இந்த மாடலை நான் அங்கே பார்த்ததில்லை. ரிச்சி தெருவில் சார்ஜர், செல், தெர்மல் பேஸ்ட், சால்டரிங் சாமான் கிடைக்கும்.

பழையதை அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன ஆன்லைன் கடையில் ஆர்டர் போட்டேன், ஒரு மாதம் கழித்து வந்தது. 2020 நவம்பரில் அந்தச் செயலியை இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். புதியதை சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மச்சான் பையில் போட்டுக்கொண்டு வந்தார். யாராவது இப்படிக் கொண்டுவந்தால் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: தனி லித்தியம் செல்லை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது. பேசாமல் செல்லை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பழசு சும்மாதான கெடக்குது, எனக்குக் குடுத்துடேன்?

அக்கா மகன் மாதம் ஒருதடவை கேட்கிறான். சும்மா கிடக்கவில்லை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, கரண்ட் போனால் அம்மா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போய் எடுப்பது அதைத்தான். ஒரே தட்டு, எரிய வேண்டும், அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும். புதியதைக் கொடுத்துப் பார்த்தேன், ‘இது இன்னாடா, சாமி ரூம் வெளக்கு மாரி’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நீல வெளிச்சம்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது, அதனால் எல்இடியையும் மாற்றுவதாக இல்லை. உனக்கு வேண்டுமென்றால் மச்சான் பொங்கலுக்கு வருகிறார், அவரிடம் கேள்.